கணினி வலையமைப்புப் பரீட்சை: தவறியவர் மீண்டும் படிப்பது எப்படி?

விதைத்த விதை முளைக்கவில்லையென்றால் விவசாயி நிலத்தை விட்டு ஓடிவிடுவதில்லை. விதை பழுதாயிற்றா, ஈரம் போதவில்லையா, ஆழம் மிகுந்துவிட்டதா என்று ஆராய்கிறார். காரணம் விளங்கிய பின் மறுவிதைப்புச் செய்கிறார். இவ்வளவு நிதானம் உடைய நாம், நம் வீட்டுப் பிள்ளை ஒரு பரீட்சையில் தவறிவிட்டால் மட்டும் அதனை மறந்துவிடுகிறோம். "இவனுக்கு இது வராது" என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். தவறிய பரீட்சையும் முளைக்காத விதையைப் போன்றதே. அதற்குரிய காரணத்தைக் கண்டு, மறுமுறை முறைப்படி முயல்வது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

சேவூரில் ஒரு வீடு

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியை அடுத்துள்ள சேவூர், பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே ஒரு நெசவாளர் இல்லத்தை மனக்கண்முன் கொண்டு வருவோம். தந்தை குழித்தறியில் அமர்ந்து நெய்கிறார். தாய் ஊடை நூல் சுற்றித் தருகிறார். பட்டயப் படிப்பை முடித்த மகன் தறியில் அமர விரும்பாது, கணினி வலையமைப்புத் துறையில் தொடக்கநிலைச் சான்றிதழ் ஒன்றைப் பெற்று வேலை தேட எண்ணுகிறான். பரீட்சைக் கட்டணத்துக்காகத் தந்தை கடன் பெறுகிறார். மகன் சில மாதங்கள் படித்துப் பரீட்சை எழுதுகிறான், தவறிவிடுகிறான்.

இனி அவ்வீட்டில் நிகழ்வதை நாம் ஊகிக்கலாம். கடன் நிற்கிறது, சான்றிதழ் இல்லை. உறவினர் கேட்கும் கேள்விக்கு அஞ்சி மகன் வெளியே வருவதில்லை. "மறுபடியும் கட்டணம் செலுத்துவதா, இத்துடன் நிறுத்திக்கொள்வதா?" என்ற கேள்வி இரவு உணவின்போது எழுகிறது. இத்தகைய கேள்வி சேவூரில் மட்டுமன்று, பிள்ளைகள் படித்துவரும் எந்தக் கிராமத்திலும் எழக்கூடியதே. இதற்குச் சரியான விடை காண, அப்பரீட்சை எத்தகையது என்பதைப் பெற்றோரும் பஞ்சாயத்து உறுப்பினரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம்.

இது என்ன பரீட்சை?

ஓர் அலுவலகத்திலோ ஊரிலோ உள்ள கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து, அவற்றை உலகின் பிற கணினிகளோடும் பேசச் செய்யும் அமைப்பே வலையமைப்பு. அதனை நிறுவவும், காக்கவும், பழுது நீக்கவும் தெரிந்தவர் வலையமைப்புத் தொழில்நுட்பர். அவருடைய அறிவை அளந்து சான்று வழங்கும் பரீட்சைகள் பல உள்ளன. நம் நாட்டு இளைஞரிடையே மிகுதியும் அறியப்பட்டது, அமெரிக்காவின் சிஸ்கோ நிறுவனம் 1998ஆம் ஆண்டில் தொடங்கிய சி.சி.என்.ஏ. என்னும் பரீட்சையாகும். காம்ப்டியா என்னும் அமைப்பு நடத்தும் நெட்வொர்க் பிளஸ் என்பதும் இதே வகையைச் சார்ந்தது.

சி.சி.என்.ஏ. பரீட்சைக்குரிய நேரம் 120 நிமிடங்கள். கணினித் திரையின் முன் அமர்ந்து எழுதவேண்டும். ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் மட்டுமே வினாக்கள் கிடைக்கும். ஒரு வினாவைக் கடந்துவிட்டால் மீண்டும் அதற்குத் திரும்பிச் செல்ல இயலாது. விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களோடு, கருவியை இயக்கிக் காட்டும் செய்முறை வினாக்களும் வரும். கட்டணம் 300 அமெரிக்க டாலர், நம் நாணயத்தில் 25,000 ரூபாய்க்கும் மேல், வரி தனி. தேறியவரின் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். தவறியவர் ஐந்து நாட்கள் கழிந்த பின் மறுபடியும் எழுதலாம். ஆனால் முழுக் கட்டணத்தையும் மீண்டும் செலுத்தவேண்டும்.

ஐந்து நாட்களில் எழுத அனுமதி உண்டு என்பதால் ஐந்தாம் நாளே எழுதிவிடலாம் என்று பொருளாகாது. முளைக்காத வயலில் மறுநாளே அதே விதையைத் தூவுவதற்கு ஒப்பானது அது.

கிராமத்துக்கு இதனால் என்ன?

"இதெல்லாம் நகரத்து விவகாரம், பஞ்சாயத்துக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். இன்று நிலைமை அவ்வாறில்லை. 2011ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மத்திய அரசு தேசியக் கண்ணாடி இழை வலையமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பின்னர் அது பாரத்நெட் என்று பெயர் பெற்றது. அதன் இரண்டாம் கட்டத்தில் தமிழகத்தின் 12,525 கிராமப் பஞ்சாயத்துகளைக் கண்ணாடி இழையால் இணைப்பது இலக்காக வைக்கப்பட்டு, தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் பணி ஒப்படைக்கப்பட்டது.

இழை ஊருக்குள் வந்துவிட்டால் மட்டும் போதாது. கிணறு வெட்டினால் மோட்டாரைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் ஊரில் இருக்கவேண்டும் என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம். சாதிச் சான்றிதழுக்கும், பட்டா நகலுக்கும், ஓய்வூதிய விண்ணப்பத்துக்கும் மக்கள் இ-சேவை மையத்தில் காத்து நிற்கையில் இணைப்பு அறுந்துவிட்டால், அன்றைய கூலியை இழந்து வந்த முதியவர் வெறுங்கையோடு திரும்புகிறார். பழுது கம்பியிலா, கருவியிலா, வெளியே உள்ள இழையிலா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த ஓர் இளைஞர் ஊரில் இருந்தால், உரிய அலுவலகத்துக்குச் சரியான தகவல் உடனே போய்ச் சேரும். ஆகவே வலையமைப்புப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை தன் வேலைக்காக மட்டும் படிக்கவில்லை. ஊருக்குத் தேவையான ஓர் அறிவையும் சேர்த்துக்கொண்டு வருகிறான்.

தவறுவதற்குரிய காரணங்கள்

முதன்முறை தவறுபவரிடம் பெரும்பாலும் காணப்படும் குறைகள் நான்கு.

முதலாவது, படித்தது மிகுதி, செய்து பார்த்தது குறைவு. காணொளிகளைக் கண்டு தலையசைத்தவர், தாமே ஒரு ரவுட்டரில் கட்டளை இடும்போது திகைக்கிறார். பிறர் நெய்வதைத் திண்ணையிலிருந்து பார்த்தவருக்கு நாடா எறியத் தெரியாது.

இரண்டாவது, கணக்கில் வேகம் இன்மை. முகவரிகளைப் பிரிக்கும் சப்நெட் கணக்கு இப்பரீட்சையின் முதுகெலும்பு. ஒரு கணக்குக்கு ஐந்து நிமிடம் செலவிடுபவருக்குப் பிற்பகுதி வினாக்களுக்கு நேரம் இராது.

மூன்றாவது, ஆங்கில வினாவை அவசரமாகப் படித்தல். "எவை இரண்டு" என்று கேட்டிருப்பதையும், "எது அன்று" என்று கேட்டிருப்பதையும் கவனியாது விடையளிப்பவர், அறிந்த விஷயத்திலேயே மதிப்பெண் இழக்கிறார். தமிழ் வழியில் படித்து வந்தவருக்கு இது அறிவுக் குறையன்று, பழக்கக் குறையே. நாள்தோறும் பத்து வினாக்களை வாய்விட்டுப் படித்து, அவை கேட்பது என்ன என்பதைத் தமிழில் சொல்லிப் பழகினால் தீர்ந்துவிடும்.

நான்காவது, பிறர் திருடி விற்கும் வினாத் தொகுப்புகளை நம்புதல். இதனைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

மதிப்பெண் அறிக்கையும் மண் பரிசோதனையும்

பரீட்சை முடிந்ததும் கிடைக்கும் அறிக்கையைப் பலர் வெறுப்போடு மூடி வைத்துவிடுகின்றனர். அது பெரும் பிழை. மண் பரிசோதனை அறிக்கை எந்தச் சத்து எவ்வளவு குறைவு என்று காட்டுவது போல, இவ்வறிக்கை எந்தப் பகுதியில் எத்தனை விழுக்காடு பெற்றோம் என்று காட்டுகிறது. எல்லாச் சத்தும் போதாது என்று எண்ணி எல்லா உரத்தையும் கொட்டுபவர் பணத்தை வீணாக்குகிறார். குறைந்ததை அறிந்து இடுபவரே பயன் பெறுகிறார்.

சி.சி.என்.ஏ. பாடத்திட்டம் ஆறு பகுதிகளைக் கொண்டது. வலையமைப்பு அடிப்படைக்கு 20 விழுக்காடு, வலையமைப்பு அணுகலுக்கு 20, ஐ.பி. இணைப்புக்கு 25, ஐ.பி. சேவைகளுக்கு 10, பாதுகாப்பு அடிப்படைக்கு 15, தானியக்கத்துக்கு 10 என்பது பங்கீடு.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒருவர் இப்பகுதிகளில் முறையே 70, 65, 40, 60, 60, 30 விழுக்காடு பெற்றார் என்க. பார்த்த மாத்திரத்தில் தானியக்கத்தில் பெற்ற 30தான் கண்ணை உறுத்தும். அதையே முதலில் படிக்கவேண்டும் என்று தோன்றும். ஆனால் பங்கோடு பெருக்கிப் பார்க்கவேண்டும். தானியக்கத்தின் பங்கு 10. அதில் இழந்தது 70 விழுக்காடு. ஆக, மொத்தத்தில் இழந்தது 7. ஐ.பி. இணைப்பின் பங்கு 25. அதில் இழந்தது 60 விழுக்காடு. ஆக, இழந்தது 15. இவ்விதமே மற்றவற்றிலும் கணக்கிட்டால் அடிப்படையில் 6, அணுகலில் 7, சேவைகளில் 4, பாதுகாப்பில் 6 என வரும். மொத்த இழப்பு 45; அதில் மூன்றில் ஒரு பங்கு ஐ.பி. இணைப்பு என்னும் ஒரே பகுதியில் போயிற்று. ஆகவே முதல் உழைப்பு அங்கேதான் செல்லவேண்டும்.

தேறுவதற்குரிய மதிப்பெண் இவ்வளவு என்று சிஸ்கோ நிறுவனம் வெளியிடுவதில்லை. எனவே இக்கணக்கு உத்தேசமானதே. எனினும், எந்த வயலுக்கு முதலில் தண்ணீர் பாய்ச்சவேண்டும் என்பதை முடிவு செய்ய இது போதும்.

ஜக்கார்டு அட்டையும் எண் கணக்கும்

சப்நெட் கணக்கைக் கண்டு அஞ்சும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு செய்தி சொல்ல விரும்புகிறோம்: அக்கணக்கின் வேர் அவன் வீட்டுத் தறியிலேயே இருக்கிறது.

பட்டுச் சேலையின் கரையிலும் முந்தானையிலும் உருவம் எழுப்பப் பயன்படும் ஜக்கார்டு பெட்டியை நாம் அறிவோம். பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804ஆம் ஆண்டு வாக்கில் அமைத்த பொறி அது. துளையிட்ட அட்டைகள் அதில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. துளை உள்ள இடத்தில் பாவு இழை எழும். துளை இல்லாத இடத்தில் எழாது. எழுதல், எழாமை என்ற இரண்டே நிலைகளைக் கொண்டு மயிலும் அன்னமும் பட்டில் உருப்பெறுகின்றன. இவ்வட்டைகளைக் கண்டே இங்கிலாந்து நாட்டுச் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறியில் துளையட்டையைப் பயன்படுத்த எண்ணினார். இன்றைய கணினியும் ஒன்று, பூச்சியம் என்ற இரண்டே குறிகளால் இயங்குகிறது. ஒன்று என்பது துளை. பூச்சியம் என்பது துளையின்மை.

இப்பொழுது எட்டுத் துளையிடங்கள் கொண்ட ஒரு சிறு அட்டையை எண்ணிக்கொள்வோம். இடப்புறமிருந்து அவற்றின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. எட்டிலும் துளையிட்டால் கூட்டுத்தொகை 255. எதிலும் துளையிடாவிட்டால் பூச்சியம். ஆக மொத்தம் 256 விதமாகத் துளையிடலாம். முதல் இரண்டில் மட்டும் துளையிட்டால் 128ம் 64ம் சேர்ந்து 192. இத்தகைய நான்கு அட்டைகளை வரிசையாக வைத்தால், 32 இடங்கள் கொண்ட ஒரு முழு ஐ.பி. முகவரி ஆயிற்று. நடைமுறையில் இன்றும் பெருவழக்காய் உள்ள நான்காம் பதிப்பு முகவரி இதுவே.

பஞ்சாயத்து ஒன்றுக்கு 192.168.10.0 முதல் 192.168.10.255 வரை 256 முகவரிகள் உள்ளன என்க. பஞ்சாயத்து அலுவலகம், நூலகம், பள்ளி, இ-சேவை மையம் ஆகிய நான்கிற்கும் அவற்றைச் சமமாகப் பிரித்துத் தரவேண்டும். 256ஐ நான்கால் வகுத்தால் 64. எனவே முதல் பிரிவு 0 முதல் 63 வரை. இரண்டாவது 64 முதல் 127 வரை. மூன்றாவது 128 முதல் 191 வரை. நான்காவது 192 முதல் 255 வரை. ஒவ்வொரு பிரிவிலும் முதல் எண் அப்பிரிவின் பெயராகவும், கடைசி எண் அப்பிரிவிலுள்ள அனைவருக்கும் பொது அறிவிப்புச் செய்யும் எண்ணாகவும் ஒதுக்கப்படும். எஞ்சிய 62 எண்களைக் கருவிகளுக்கு வழங்கலாம்.

பரீட்சையில் இதனையே திருப்பிக் கேட்பார்கள். முகவரி 192.168.10.77, சப்நெட் மாஸ்க் 255.255.255.192 எனில், அது எப்பிரிவைச் சார்ந்தது? 256லிருந்து 192ஐக் கழித்தால் 64. ஆகவே பிரிவுகள் அறுபத்து நான்கு அறுபத்து நான்காகச் செல்கின்றன. 77 என்பது 64க்கும் 127க்கும் இடையில் விழுகிறது. ஆதலின் அது 64இல் தொடங்கும் பிரிவைச் சார்ந்தது. பொது அறிவிப்பு எண் 127. இவ்வளவே கணக்கு. நாள்தோறும் இருபது கணக்குகளைக் காகிதத்தில் போட்டு வந்தால், ஒரு திங்களுக்குள் ஒன்றை அரை நிமிடத்தில் முடிக்கும் வேகம் கைகூடும்.

அறுந்த இழையைத் தேடும் முறை

பழுது கண்டறிதல் என்பது இத்துறையின் உயிர்நாடி. நெய்யும்போது இழை அறுந்தால் நெசவாளர் தறி முழுவதையும் பிரித்துவிடுவதில்லை. துணியில் குறை தெரியும் இடத்திலிருந்து விழுது, பாவு என்று படிப்படியாகப் பின்சென்று, அறுந்த இடத்தைக் கண்டு பிணைக்கிறார். வலையமைப்பிலும் அதே முறைதான்.

இ-சேவை மையத்துக் கணினியில் இணைப்பு இல்லை என்க. முதலில் கம்பி செருகப்பட்டிருக்கிறதா, ஸ்விட்சில் விளக்கு எரிகிறதா என்று காணவேண்டும். அடுத்து, கணினிக்கு முகவரி கிடைத்திருக்கிறதா என்று நோக்கவேண்டும். முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சேவையிடமிருந்து அதற்கு ஒன்றும் வரவில்லை என்பது பொருள். முகவரி சரியாயின், ஊர் வாசல் போன்ற ரவுட்டரை எட்ட முடிகிறதா என்று பிங் கட்டளையால் சோதிக்கவேண்டும். வாசலை எட்டி, வெளியூரை எட்டவில்லையெனில் குறை வெளி இணைப்பில் உள்ளது. வெளியூர் முகவரியை எண்ணால் எட்ட முடிந்து, பெயரால் எட்ட முடியவில்லையெனில், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையில் குறை. கீழ்ப்படியிலிருந்து மேற்படிக்கு ஒவ்வொன்றாகச் செல்பவர் குழம்புவதில்லை. ஏழு அடுக்குகள் கொண்ட ஓ.எஸ்.ஐ. மாதிரியைப் பரீட்சையில் வலியுறுத்துவது மனப்பாடத்துக்காக அன்று, இந்த ஒழுங்குக்காகவே.

பத்து வாரத் திட்டம்

தவறிய நாளிலிருந்து ஒரு வாரம் புத்தகத்தைத் தொடாது இருப்பது தகும். மனம் ஆறட்டும். ஆனால் அறிக்கை வந்தவுடனேயே, நினைவில் நிற்கும் ஐயங்களை, "எனக்கு எத்தலைப்பு விளங்கவில்லை" என்ற வகையில், ஒரு தாளில் குறித்துக்கொள்ளவேண்டும். பரீட்சை வினாக்களை அப்படியே எழுதிப் பிறருக்குத் தருவது விதிக்கு முரணானது. தலைப்புகளைத் தமக்காகக் குறிப்பது மட்டுமே முறை.

அடுத்த பத்து வாரங்களை, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் என்ற கணக்கில், பின்வருமாறு வகுத்துக்கொள்ளலாம் என்பது நமது யோசனை. முதல் இரண்டு வாரம் சப்நெட் கணக்கும் அடிப்படையும். அடுத்த மூன்று வாரம் அறிக்கையில் மிகுந்த இழப்புக் காட்டிய பகுதி. நமது உதாரணத்தில் ஐ.பி. இணைப்பு. அடுத்த இரண்டு வாரம் ஸ்விட்சும், வி.லேன் பிரிவுகளும். எட்டாம் வாரம் பாதுகாப்பும் சேவைகளும். ஒன்பதாம் வாரம் தானியக்கம். பத்தாம் வாரம் மாதிரிப் பரீட்சைகளும் திருத்தமும். மாதிரிப் பரீட்சையில் தொடர்ந்து நல்ல மதிப்பெண் வராதவர், கட்டணம் செலுத்தி நாள் குறித்துக்கொள்வதைத் தள்ளிவைக்கவேண்டும்.

செய்முறைக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. 1997இல் தொடங்கிய சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி, பாக்கெட் டிரேசர் என்னும் மென்பொருளை இலவசமாக வழங்குகிறது. ரவுட்டரும் ஸ்விட்சும் கணினித் திரையிலேயே கிடைக்கும். இணைக்கலாம், கெடுக்கலாம், மீண்டும் சீர்செய்யலாம். நண்பர் ஒருவர் வேண்டுமென்றே ஒரு பழுதை ஏற்படுத்தித் தர, மற்றவர் அதனைக் கண்டுபிடிப்பது மிகச் சிறந்த பயிற்சி. தமிழக அரசு 2022ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் திறன் பயிற்சிகள் அளிக்கப்படுகின்றன. கல்லூரியில் இருப்போர் தம் கல்லூரியிலேயே அவற்றை விசாரித்து அறியலாம்.

நினைவில் நிறுத்தும் முறை பற்றியும் ஒரு சொல். ஜெர்மனி நாட்டு அறிஞர் எபிங்ஹவுஸ் 1885ஆம் ஆண்டில் மறதியைப் பற்றிய தம் சோதனைகளை வெளியிட்டார். கற்றது முதல் சில நாட்களிலேயே விரைந்து மறைகிறது என்றும், இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிலைக்கிறது என்றும் அவர் கண்டார். பயிருக்கு ஒரு மாதத் தண்ணீரை ஒரே நாளில் பாய்ச்சினால் வேர் அழுகும். விட்டு விட்டுப் பாய்ச்சினால் வேர் பிடிக்கும். ஆகவே இன்று படித்ததை நாளையும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும், மூன்று வாரம் கழித்தும் புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்க்கவேண்டும். மீண்டும் மீண்டும் வாசிப்பதைவிட இது கடினம். கடினமாய் இருப்பதே இதன் பலன்.

குறுக்கு வழிகள்

"இந்த வினாக்களை மனப்பாடம் செய்தால் தேறுவது உறுதி" என்று வினாத் தொகுப்புகளை விற்போர் உண்டு. இவை திருட்டுச் சரக்கு. பயன்படுத்தியது தெரியவந்தால் சான்றிதழ் பறிக்கப்படும். மேற்கொண்டு பரீட்சை எழுதவும் தடை வரலாம். இவற்றில் பல விடைகள் தவறாகவும் இருக்கும். அதைவிட முக்கியம், வேலைக்கான நேர்முகத்தில் ஒரு ரவுட்டரைக் காட்டிச் "செய்" என்று சொல்லும்போது மனப்பாடம் கைகொடாது.

அதேபோல், "தேறுதல் உறுதி, வேலை உறுதி" என்று சொல்லிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சி நிலையங்களையும் எச்சரிக்கையோடு அணுகவேண்டும். இச்சான்றிதழ் நேர்முகத்தின் கதவைத் திறக்கும். வேலையைக் கையில் தந்துவிடாது. தொடக்கத்தில் இரவுப் பணியும் குறைந்த சம்பளமும் இருக்கக்கூடும் என்பதையும் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

சி.சி.என்.ஏ. மிகக் கடினம் என்று காண்பவருக்கு ஒரு படி கீழும் உண்டு. சி.சி.எஸ்.டி. என்னும் தொடக்கச் சான்றிதழை அதே நிறுவனம் வழங்குகிறது. நேரம் 50 நிமிடம். கட்டணம் 125 டாலர். முதலில் இதனைத் தேறி, வேலையில் அமர்ந்து, தம் ஊதியத்திலேயே அடுத்ததற்குக் கட்டணம் செலுத்துவது கடன்படாத வழி. கிணற்றில் இறங்குவோர் படி படியாகவே இறங்குகின்றனர். அதில் வெட்கம் இல்லை.

பரீட்சை நாள்

பரீட்சையை அதற்குரிய மையத்திலும் எழுதலாம். வீட்டிலிருந்தும் கணினி வழியே எழுதலாம். வீட்டில் எழுதுவோர் தனி அறையில் இருக்கவேண்டும், வேறு யாரும் உள்ளே வரலாகாது, இணைப்பு அறுபடலாகாது, மேற்பார்வையாளர் ஒளிப்படக் கருவி வழியே நோக்கிக்கொண்டிருப்பார். சிறு பிள்ளை ஒன்று கதவைத் திறந்து உள்ளே ஓடிவந்தாலும் பரீட்சை நிறுத்தப்படக்கூடும். தறியோசை ஓயாத, ஒரே கூடத்தில் குடும்பம் முழுவதும் வாழும் இல்லத்தில் இது எளிதன்று. ஆகையால் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் மையத்துக்குச் சென்று எழுதுவதே உத்தமம். முந்திய நாளே சென்று தங்குவதற்கான செலவையும் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளவேண்டும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

இதற்கெனப் பெருநிதி ஒன்றும் வேண்டுவதில்லை.

ஒன்று, ஊர் நூலகத்தில் மாலை வேளையில் இரண்டு மணி நேரம் அமைதியாகப் படிக்க இடம் ஒதுக்கலாம். ஒரு கணினியில் பாக்கெட் டிரேசரை நிறுவி வைக்கலாம்.

இரண்டு, ஒரே பரீட்சைக்குப் படிப்போர் இருவர் மூவர் இருப்பின் அவர்களை ஒருங்கே அமரச் செய்யலாம். தேறியவர் ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வரும்போது அரை நாள் அவர்களோடு செலவிடும்படி கேட்டுக்கொள்ளலாம்.

மூன்று, கழித்து ஒதுக்கப்பட்ட ஸ்விட்சும் கம்பித் துண்டுகளும் பள்ளியிலோ அலுவலகத்திலோ இருந்தால், விதிகளுக்கு உட்பட்டுப் பயிற்சிக்குப் பயன்படுத்தச் செய்யலாம். ஆனால் இயங்கிக்கொண்டிருக்கும் அரசு இணைப்புக் கருவிகளை அனுமதியின்றித் தொட விடலாகாது.

நான்கு, கிராம சபை கூடும்போது இணைப்புப் பழுதுகளைப் பற்றியும் பேசலாம். எத்தனை நாள் மையம் இயங்கவில்லை, பழுது எங்கே இருந்தது என்ற குறிப்பு ஒன்றை இவ்விளைஞர்களைக் கொண்டு எழுதி வைக்கச் சொன்னால், அவர்களுக்குப் பயிற்சியும் ஊருக்குப் பயனும் ஒருசேரக் கிட்டும்.

ஐந்து, எல்லாவற்றினும் மேலாக, தவறியவரை ஏளனம் செய்யாதிருத்தல். இதற்குக் காசு செலவில்லை.

பெற்றோருக்கு ஒரு சொல்

மறுபடியும் கட்டணம் செலுத்துவதா என்ற கேள்விக்கு இப்பொழுது விடை கூறலாம். மகனிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எப்பகுதியில் மிகுதியாக இழந்தாய்? அதைச் சீர்செய்ய இதுவரை என்ன செய்தாய்? மாதிரிப் பரீட்சையில் இப்பொழுது எவ்வளவு வருகிறது? இம்மூன்றுக்கும் காகிதத்தில் எழுதிக் காட்டுபவனாயின், மறு கட்டணம் வீண் செலவாகாது. மறுவிதைப்புக்கு வாங்கும் விதையே ஆகும். விடை இல்லையாயின், இன்னும் சில வாரம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். பரீட்சை எங்கும் ஓடிவிடாது. அதற்குள் புதிய கடன் வாங்கவேண்டாம்.

பாவு பிணைக்கும் வேலையை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். பழைய பாவு முடியும் இடத்தில் புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இழையோடு சேர்த்துத் திரிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றையும் விட முடியாது, அவசரப்படவும் முடியாது. அவ்வேலையைச் செய்யும் தாய்மார் இருக்கும் வீட்டில், ஒருமுறை அறுந்த படிப்பை மீண்டும் பிணைக்கும் பொறுமைக்குக் குறைவு இராது. அப்பொறுமையைப் பிள்ளை தன் வீட்டிலிருந்தே பெற்றுக்கொள்ளட்டும். படிக்க ஓர் அமைதியான இடத்தை ஊர் தரட்டும்.